கரன்ட் போனா மட்டும் ஓடுற ஸ்கிரிப்ட்: கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் வேலை தானா நடக்க முழு வழிகாட்டி

பாம்பன்ல ஒரு மீன் கம்பெனில கணக்கு போடுற கம்ப்யூட்டர் ஒன்னு இருக்கு, அதுக்கு நான்தான் வைத்தியம். காலைல சிஸ்டம் ஆன் ஆனதும் கணக்கு ஃபோல்டர தானா இன்னொரு டிஸ்க்குக்கு காப்பி எடுக்குற மாதிரி சின்னதா ஒரு ஸ்கிரிப்ட் (கம்ப்யூட்டர் வரிசையா செய்யவேண்டிய கட்டளைய எழுதி வச்ச ஃபைல்) போட்டுக் குடுத்தேன். அங்கயே உக்காந்து நாலு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன், நாலு தடவையும் ஓடுச்சு, காச வாங்கிட்டு வந்துட்டேன். பத்து நாள் கழிச்சு கணக்குப்புள்ள அண்ணே போன் பண்ணாரு. "தம்பி, உன் ஸ்கிரிப்டு கரன்ட் போயிட்டு வந்தா மட்டும்தான் வேலை செய்யுது, மத்த நாள்லாம் லீவு போடுதுப்பா"ன்னாரு. கிண்டல் பண்றாருன்னு நெனச்சு நானும் சிரிச்சேன். போய்ப் பாத்தா அவரு சொன்னது அம்புட்டும் நெசம். காரணம் என்னன்னு கீழ வருது, அதுக்குள்ள அடிப்படைய பாத்துருவோம்.

ஒன்னு முன்னாடியே சொல்லிர்றேன், கமாண்டு, பட்டன் பேரெல்லாம் உச்சரிப்பு படி தமிழ்ல எழுதிருக்கேன், கம்ப்யூட்டர்ல அடிக்கும்போது இங்கிலீஷ்லதான் அடிக்கணும்.

ஆன் ஆகுறது வேற, லாகின் ஆகுறது வேற

நிறைய பேரு குழம்புறது இங்கதான். பவர் பட்டன அமுக்கினதும் விண்டோஸ் எந்திரிச்சு பாஸ்வேர்ட் கேட்டு நிக்குதுல்ல, அதுவரைக்கும் நடக்குறது பூட். அப்ப யாரும் உள்ள வரல, ஆனா சிஸ்டம்னு ஒரு அக்கவுன்ட் பேர்ல பின்னாடி வேலைங்க ஓடிட்டுதான் இருக்கும். நீங்க உள்ள போய் டெஸ்க்டாப் தெரியும்போது நடக்குறது லாகின். அதுனால ஸ்கிரிப்ட் எழுதுறதுக்கு முன்னாடி, இந்த வேலைக்கு ஒரு ஆளு ஸ்கிரீன் முன்னாடி இருக்கணுமா வேணாமான்னு கேட்டுக்கங்க. பில்லிங் சாஃப்ட்வேர் தானா தொறக்கணும்னா லாகின்ல போடணும். ஃபைல் காப்பி, சர்வர் ஓட்டுறது, சென்சார் படிக்கிறது மாதிரி ஜன்னலே தேவைப்படாத வேலைய பூட்ல போடலாம்.

பூட்ல போட்டுட்டு "அண்ணே சாஃப்ட்வேர் தொறக்கவே இல்ல"ன்னு வர்றவங்க நிறைய. டாஸ்க் மேனேஜர்ல பாத்தா அது ஓடிட்டுத்தான் இருக்கும், கண்ணுக்கு மட்டும் தெரியாது. விண்டோஸ் விஸ்டால இருந்து பூட்ல ஓடுற ப்ரோக்ராமெல்லாம் செஷன் ஜீரோன்னு தனி அறைல ஓடுது, அந்த அறைல நடக்குறது நம்ம ஸ்கிரீனுக்கு வராது. பாதுகாப்புக்காக வேணும்னே அப்படி வச்சிருக்காங்க, ரிப்பேர் இல்ல.

மொதல்ல ஸ்கிரிப்ட கையால ஓட்டுங்க

நோட்பேட தொறந்து எழுதி, சேவ் பண்ணும்போது கீழ டைப்ல "ஆல் ஃபைல்ஸ்" மாத்திட்டு பேருக்குக் கடைசில புள்ளி பேட்னு குடுங்க. மாத்தலன்னா அதுக்குப் பின்னாடி டிஎக்ஸ்டினு ஒரு வாலு ஒட்டிக்கும், டபுள் கிளிக் பண்ணா நோட்பேடே மறுபடி தொறக்கும்.

ஸ்கிரிப்டோட மொத வரி எப்பவும் லாக் வரியா, அதாவது எப்ப ஓடுச்சுன்னு பதிவு பண்ற வரியா இருக்கட்டும். எக்கோ போட்டு தேதி, நேரம் ரெண்டையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலுக்கு >> குறியால தள்ளி விடுங்க. ஒத்த > போட்டா பழசு அழிஞ்சிரும், ரெட்டை போட்டா அடில சேரும். தானா ஓடுற ஸ்கிரிப்ட் செத்தா சத்தமே வராது, ஆளே இல்லாத நேரத்துல ஒரு கருப்பு ஜன்னல் மின்னிட்டு போயிரும், அவ்ளோதான். கணக்குப்புள்ள அண்ணே எந்தெந்த நாள் ஓடல, எந்தெந்த நாள் ஓடுச்சுன்னு சொல்ல முடிஞ்சதே இந்த ஒத்த வரியாலதான், அந்த ஃபைல்ல இருந்த தேதிகளுக்கு நேரா கரன்ட் போன நாள காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருந்தாரு மனுசன்.

காப்பி எடுக்க விண்டோஸ்லயே இருக்க ரோபோகாப்பி போதும், தனியா எதுவும் வாங்க வேணாம். ஆனா அதுல மூணு குழி இருக்கு, மூணுலயும் நான் விழுந்துருக்கேன்.

ஒரு ஃபைல வேற சாஃப்ட்வேர் புடிச்சு வச்சிருந்தா ரோபோகாப்பி விடாது, திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். எத்தன தடவைன்னா, நாம ஒன்னும் சொல்லாம விட்டா 10 லட்சம் தடவ, ஒவ்வொன்னுக்கும் நடுவுல 30 செகண்ட் காத்திருப்பு. கணக்கு போட்டுப் பாருங்க, ஒரே ஒரு ஃபைலுக்கு 11 மாசத்துக்கு மேல வரும். அதுனால ஸ்லாஷ் ஆர் கோலன் 2, ஸ்லாஷ் டபிள்யூ கோலன் 5ன்னு சேத்துருங்க, ரெண்டு தடவ பாத்துட்டு அடுத்த ஃபைலுக்கு போயிரும்.

அடுத்தது ஸ்லாஷ் மிர். இது ரெண்டு ஃபோல்டரையும் கண்ணாடி மாதிரி ஒன்னாக்கும்னு எல்லாரும் ஆசையா போடுவாங்க. மூலத்துல ஃபைல் அழிஞ்சிருந்தா பேக்கப்லயும் அழிச்சிரும், கண்ணாடின்னா அதுதானே. வேணாம், ஸ்லாஷ் ஈ போடுங்க, உள் ஃபோல்டரோட சேத்து காப்பி எடுக்கும், எதையும் அழிக்காது.

மூணாவது குழி மண்டைய பிச்சுக்க வைக்கும். காப்பி நல்லபடியா நடந்தா ரோபோகாப்பி 1ன்னு பதில் குடுக்கும், புதுசா காப்பி பண்ண ஒன்னுமே இல்லன்னா 0. ஊர் உலகத்துல 0ன்னா வெற்றி, 1ன்னா தப்பு, இது மட்டும் அப்படி இல்ல, 8ம் அதுக்கு மேலயும் வந்தாத்தான் நெசமான தோல்வி. இது தெரியாம டாஸ்க் ஷெட்யூலர்ல (வேலைய தானா ஓட்டி விடுற விண்டோஸ் கருவி, கீழ வருது) 0எக்ஸ்1னு, அதாவது 1னு பாத்துட்டு நல்லா ஓடிட்டிருந்த ஸ்கிரிப்ட ஒரு நாள் முழுக்க நான் நோண்டிட்டு இருந்தேன்.

ஸ்கிரிப்டுக்குள்ள வர்ற எல்லா ஃபைலுக்கும் டிரைவ் எழுத்துல இருந்து முழு முகவரி எழுதுங்க. எக்ஸ்டர்னல் டிஸ்க்னா இன்னைக்கு இ, நாளைக்கு எஃப்னு எழுத்து மாறும், டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போயி பி மாதிரி யாரும் தொடாத எழுத்தா நிரந்தரமா குடுத்துருங்க. இதெல்லாம் முடிச்சு கையால மூணு தடவ ஓட்டி, லாக்ல மூணு வரி வந்த பொறகுதான் அடுத்தது.

சுலபமான வழி: ஸ்டார்ட்அப் ஃபோல்டர்

விண்டோஸ் கீயோட ஆர் அமுக்குனா ரன் பெட்டி வரும். அதுல ஷெல், கோலன், ஸ்டார்ட்அப், நடுவுல இடைவெளி இல்லாம அடிச்சு என்டர் தட்டுங்க, ஒரு ஃபோல்டர் தொறக்கும். உங்க ஸ்கிரிப்டோட ஷார்ட்கட்ட அதுல போட்டா நீங்க லாகின் ஆகும்போதெல்லாம் ஓடும். ஒரிஜினல தூக்கிப் போடாதீங்க, ஷார்ட்கட் மட்டும். அந்த மெஷின்ல யாரு லாகின் ஆனாலும் ஓடணும்னா ஸ்டார்ட்அப்புக்கு முன்னாடி காமன்னு ஒரு வார்த்தயும் ஒரு இடைவெளியும் சேத்துக்கங்க. தினம் ஒரே வெப்சைட் தொறக்கணும், ஒரே எக்செல் தொறக்கணும்னா இது தாராளம். தாமதமா ஓட்டு, அட்மின் உரிமையோட ஓட்டுன்னு ஆரம்பிச்சா இதுல முடியாது.

சரியான வழி: டாஸ்க் ஷெட்யூலர்

ஸ்டார்ட் மெனுல தேடுனாலே வரும். தொறந்ததும் வலது பக்கம் "கிரியேட் பேசிக் டாஸ்க்", "கிரியேட் டாஸ்க்"னு ரெண்டு இருக்கும், பேசிக் பக்கம் போகாதீங்க, அதுல பாதி விஷயம் மறஞ்சிருக்கும்.

ஜெனரல் டேப்ல பேரு குடுங்க, "டெஸ்ட்1"னு வைக்காம ஆறு மாசம் கழிச்சு பாத்தாலும் புரியிற பேரா குடுங்க. அதுக்கு கீழ ரெண்டு தேர்வு இருக்கும். யூசர் லாகின் ஆகிருந்தா மட்டும் ஓட்டு, இல்ல லாகின் ஆனாலும் ஆகாட்டியும் ஓட்டு. ரெண்டாவத தொட்டா பாஸ்வேர்ட் கேக்கும், நம்ம பக்கம் கடை கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்டே இருக்காது, காலியா விட்டா ஒத்துக்காது. அப்ப "சேஞ்ச் யூசர்" அமுக்கி சிஸ்டம்னு அடிச்சு ஓகே குடுங்க, பாஸ்வேர்ட் இல்லாம ஓடும். ஆனா சிஸ்டம் அக்கவுன்டுக்கு நீங்க மேப் பண்ணி வச்சிருக்க நெட்வொர்க் டிரைவ் தெரியாது, இசட் டிரைவுக்கு காப்பி எடுன்னா இசட்டா அது எங்க இருக்குன்னு முழிக்கும்.

டிரிக்கர்ஸ் டேப்ல நியூ. மேல "பிகின் தி டாஸ்க்"ல அட் ஸ்டார்ட்அப் (பூட்ல ஓட) இல்லன்னா அட் லாக் ஆன் (லாகின்ல ஓட). கீழ "டிலே டாஸ்க் ஃபார்"னு இருக்கத டிக் பண்ணி ஒரு நிமிஷம் குடுங்க. பூட் ஆன ஒடனே நெட் வந்திருக்காது, எக்ஸ்டர்னல் டிஸ்க் சுத்த ஆரம்பிச்சிருக்காது, அந்த நேரத்துல ஸ்கிரிப்ட் ஓடி டிஸ்க் இல்லையேன்னு முடிஞ்சு போயிரும்.

ஆக்ஷன்ஸ் டேப்ல ஸ்கிரிப்டோட முழு முகவரி. அதுக்கு கீழ "ஸ்டார்ட் இன்"னு ஒரு கட்டம், பக்கத்துல ஆப்ஷனல்னு போட்டிருக்கும், நம்பாதீங்க. அத காலியா விட்டா ஸ்கிரிப்ட் சிஸ்டம்32 ஃபோல்டர்ல நின்னுக்கிட்டு உங்க ஃபைல தேடும். ஸ்கிரிப்ட் இருக்க ஃபோல்டர் முகவரிய அதுல போடுங்க, மேற்கோள் குறி மட்டும் போட்றாதீங்க, அந்தக் கட்டத்துக்கு அது புடிக்காது. பவர்ஷெல் ஸ்கிரிப்ட்னா ப்ரோக்ராம் கட்டத்துல பவர்ஷெல்னு குடுத்துட்டு, ஆர்க்யுமென்ட்ஸ்ல எக்ஸிக்யூஷன்பாலிசி பைபாஸ், அப்பறம் ஃபைல்னு சொல்லி முகவரி. சாதா விண்டோஸ்ல பவர்ஷெல் ஸ்கிரிப்ட் ஓட ஆரம்பத்துல அனுமதியே இருக்காது.

கண்டிஷன்ஸ்ல லேப்டாப்காரங்க கவனிங்க, சார்ஜர் சொருகிருந்தா மட்டும் ஓட்டுன்னு டிக் ஏற்கனவே இருக்கும், எடுத்துருங்க. செட்டிங்ஸ்ல 3 நாளுக்கு மேல ஓடுனா நிறுத்துன்னு இருக்கும், காப்பி எடுக்குற வேலைக்கு எதுக்கு 3 நாள், ஒரு மணி நேரமாக்குங்க. முடிச்சதும் "எனேபிள் ஆல் டாஸ்க்ஸ் ஹிஸ்டரி"ய அமுக்குங்க, அது ஆரம்பத்துல ஆஃப்லதான் இருக்கும், பிரச்சனை வந்த பொறகு ஆன் பண்ணி புண்ணியம் இல்ல.

இப்ப அந்த கரன்ட் கதை

நான் மீன் கம்பெனில வச்சது அட் ஸ்டார்ட்அப். ரீஸ்டார்ட் பண்ணா ஓடுச்சு, கரன்ட் போயிட்டு வந்தா ஓடுச்சு, ஆனா ராத்திரி ஒழுங்கா ஷட்டவுன் பண்ணி காலைல ஆன் பண்ணா ஓடல. டாஸ்க் மேனேஜர தொறந்து பெர்ஃபார்மன்ஸ்ல சிபியு அமுக்குனேன், கீழ அப்டைம்னு ஒரு கணக்கு ஓடும், அதுல 6 நாள்னு இருந்துச்சு. தினம் ராத்திரி நிறுத்துற மெஷின் எப்படி 6 நாளா ஓடுதுன்னு எனக்கு மண்டையே சுத்திருச்சு.

விஷயம் என்னன்னா விண்டோஸ் 8ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒன்னு வந்துச்சு. நீங்க ஷட்டவுன் குடுத்தா உங்க ப்ரோக்ராமெல்லாம் மூடி லாக்ஆஃப் பண்ணும், ஆனா விண்டோஸோட கெர்னல, அதாவது அதோட உள் மையத்த மூடாது, அத அப்படியே டிஸ்க்ல எழுதி வச்சிட்டு தூங்கிரும். காலைல ஆன் பண்ணா அந்த எழுதி வச்சத திரும்ப எடுத்துக்கும், சீக்கிரம் தொறக்குறது அதுனாலதான். அதோட கணக்குல அது ஸ்டார்ட்டே ஆகல, முழிச்சிருக்கு, அவ்ளோதான், அப்பறம் எப்படி அட் ஸ்டார்ட்அப் ஓடும்? ரீஸ்டார்ட் மட்டும் முழுசா மூடித் தொறக்கும். கரன்ட் போனா எழுதி வைக்க நேரமே இருக்காது, அதுனால அடுத்து வர்றது சுத்தமான பூட். அண்ணே சொன்னது சரிதானே.

இத நிறுத்த கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ், "சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ", மேல நீலமா இருக்க வரிய அமுக்கி அனுமதி வாங்கி, கீழ "டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" டிக்க எடுத்துட்டு சேவ். ஒரு தடவைக்கு மட்டும்னா ஷிஃப்ட புடிச்சுக்கிட்டு ஷட்டவுன் அமுக்குனா முழுசா மூடும்.

அந்த கம்பெனில நான் கடைசியா டிரிக்கரையே அட் லாக் ஆனுக்கு மாத்திட்டேன். ஏன்னா பில்லிங் சாஃப்ட்வேர் தொறந்துட்டா டேட்டா ஃபைல புடிச்சுக்கும், காப்பி அரைகுறையா வரும். இப்ப ஒரே ஸ்கிரிப்ட், மொதல்ல காப்பி, அது முடிஞ்சதும் கடைசி வரில பில்லிங்க தொறக்குது. விடியக்காத்தால 5 மணிக்கு ஏலத்துக்கு முன்னாடி ஆன் பண்ணா டீ வந்து சேர்றதுக்குள்ள ரெண்டும் முடிஞ்சிருக்கும்.

லினக்ஸும் ராஸ்பெரி பையும்

மண்டபத்துல ஒரு ஐஸ் ரூம்ல ராஸ்பெரி பை 3 (லினக்ஸ்ல ஓடுற கையடக்க கம்ப்யூட்டர்) வச்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ டெம்பரேச்சர் எழுதுற வேலை பண்ணிக் குடுத்தேன். லினக்ஸ்ல சீக்கிர வழி கிரான், குறிச்ச நேரத்துல வேலைய ஓட்டி விடுறது அதான். டெர்மினல்ல கிரான்டேப் போட்டு ஹைபன் இ அடிச்சா ஒரு ஃபைல் தொறக்கும், அடில @ரீபூட், இடைவெளி, ஸ்கிரிப்டோட முழு முகவரி, அப்பறம் >> போட்டு லாக் ஃபைல், கடைசில 2>&1. அந்த கடைசி துண்டு இல்லன்னா எர்ரர் மெசேஜ் லாகுக்கு வராது. கிரானுக்கு உங்க டெர்மினல்ல இருக்க பாத் (ப்ரோக்ராமெல்லாம் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு சொல்ற பட்டியல்) எதுவும் தெரியாது, பைத்தானுக்கே கூட முழு முகவரி எழுதுறது நல்லது.

ஆனா கிரான் ஒரு தடவ ஓட்டி விட்டுட்டு போயிரும், ஸ்கிரிப்ட் நடுவுல செத்தா திரும்பிப் பாக்காது. அதுக்குத்தான் சிஸ்டம்டி, லினக்ஸ்ல பின்னாடி ஓடுற வேலைங்கள தொடங்கி கவனிச்சுக்குற மேஸ்திரி. ஈடிசி ஃபோல்டருக்குள்ள சிஸ்டம்டி, அதுக்குள்ள சிஸ்டம், அங்க புள்ளி சர்வீஸ்னு முடியிற ஒரு ஃபைல் உண்டாக்கணும். மூணு பகுதி. யூனிட்ல ஆஃப்டர், வான்ட்ஸ் ரெண்டுலயும் நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட் எழுதுங்க, ஆஃப்டர் மட்டும் எழுதுனா வரிசைய சொல்லும், ஆனா அத கூப்புடாது. சர்வீஸ்ல எக்ஸெக்ஸ்டார்ட், யாரு பேர்ல ஓடணும்னு யூசர், ரீஸ்டார்ட் ஆன்-ஃபெயிலியர், ரீஸ்டார்ட்செக் 30. இந்த 30 முக்கியம், ஒன்னும் குடுக்காட்டி ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு இடைவெளில திரும்பத் தொடங்கும், 10 செகண்டுக்குள்ள 5 தடவ செத்தா போதும்டா சாமின்னு கைய விட்ரும். இன்ஸ்டால்ல வான்டட்பை மல்டி-யூசர் டார்கெட்.

அப்பறம் சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், அதுக்குப் பொறகு எனேபிள். எனேபிள்னா அடுத்த பூட்டுக்குத்தான், இப்பவே ஓடணும்னா ரெண்டு ஹைபன் போட்டு நவ் சேத்துக்கங்க. 203 ஸ்லாஷ் எக்ஸெக்னு எர்ரர் வந்தா ஸ்கிரிப்டுக்கு சிஹெச்மாட் +எக்ஸ் குடுத்தீங்களா, மொத வரில எந்த ப்ரோக்ராம் ஓட்டணும்னு இருக்கான்னு பாருங்க, விண்டோஸ் நோட்பேட்ல எழுதி கொண்டு வந்தாலும் வரி முடிவு மாறி இதே எர்ரர் வரும். லாக் பாக்க ஜர்னல்சிடிஎல் ஹைபன் யு போட்டு சர்வீஸ் பேரு.

எல்லாம் சரியா ஓடுச்சு. ஒரு நாள் ராத்திரி 4 மணி நேரம் கரன்ட் இல்ல, காலைல ஐஸ் இளகிக் கெடக்கு. சம்மாட்டி (படகு முதலாளி) வந்து ரெக்கார்ட காட்டுன்னாரு, தொறந்து பாத்தா 11:17க்கு ஒரு வரி, 11:18க்கு அடுத்த வரி, ஆனா டெம்பரேச்சர் மட்டும் மைனஸ்ல இருந்து ஒரே தாவுல பிளஸ்ஸுக்கு வந்துருக்கு. அந்த 4 மணி நேரம் கணக்குலயே இல்ல. பை 3ல கரன்ட் இல்லாதப்ப ஓடுற கடிகாரம் கெடையாது, கடைசியா சேவ் பண்ண நேரத்துல இருந்து எண்ண ஆரம்பிக்கும், நெட் கெடச்ச பொறகுதான் நேரம் சரியாகும். பூட்ல ஓடுற ஸ்கிரிப்ட் அதுக்கு முன்னாடியே எழுதத் தொடங்கிருச்சு. 2023ல வந்த பை 5ல கடிகாரம் உள்ளயே இருக்கு, ஆனா பேட்டரி நாமதான் வாங்கி மாட்டணும். பழசுக்கு டிஎஸ்3231னு சின்ன கடிகார மாட்யூல் கெடைக்கும், அத மாட்டுனேன். செலவு பண்ண முடியாதவங்க யூனிட்ல ஆஃப்டர் பக்கத்துல டைம்-சிங்க் டார்கெட் சேத்துட்டு, சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சிங்க் சர்வீஸ எனேபிள் பண்ணுங்க, ஆனா நெட் வராட்டி உங்க ஸ்கிரிப்டும் வராது.

சாதா கம்ப்யூட்டருக்கும் இந்த கடிகாரப் பிரச்சனை உண்டு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், கம்பெனில மெயின ஆஃப் பண்ணிட்டு போயிருவாங்க, அம்புட்டு நாளும் கடிகாரத்த ஓட்டுறது மதர்போர்டுல இருக்க சிஆர்2032 காயின் பேட்டரி மட்டும்தான். அது பழசா இருந்தா தடை முடிஞ்சு ஆன் பண்ணும்போது வருசமே மாறிருக்கும், வெப்சைட் எதுவும் தொறக்காது, தேதி போட்ட பேக்கப் ஃபோல்டரெல்லாம் பழைய வருசத்துல போய் விழும். ஜூன்ல கூப்புடுற வேலைல பாதி இதான்.

ஆப்பிளோட மேக் பத்தி ஒரு வரி, கீழக்கரைல ஒரு காக்கா (அங்க அண்ணன அப்படித்தான் கூப்புடுவாங்க) துபாய்ல இருந்து கொண்டு வந்து குடுத்ததுல மட்டும்தான் நான் கை வச்சிருக்கேன். அங்க லான்ச்டிதான் எல்லாம், லான்ச்ஏஜென்ட்ஸ் ஃபோல்டர்ல போட்டா லாகின்ல ஓடும், லான்ச்டீமன்ஸ்ல போட்டா பூட்ல ஓடும்.

மெஷினே தானா ஆன் ஆகணும்னா

கரன்ட் வந்ததும் ஆள் இல்லாமயே ஆன் ஆக பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற மதர்போர்டு மெனு) செட்டிங் இருக்கு, போர்டுக்கு போர்டு பேரு மாறும், ஏசி பவர் லாஸ், ஆஃப்டர் பவர் ஃபெயிலியர்னு ஏதாவது ஒன்னு இருக்கும், அத பவர் ஆன்னு மாத்தணும். நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துலயே கமுதில 648 மெகாவாட் சோலார் பிளான்ட் நிக்குது, இங்க ஆடி மாச கச்சான் காத்து அடிச்சா ஒரு மணி நேரத்துல மூணு தடவ கரன்ட் போயிட்டுப் போயிட்டு வரும். யுபிஎஸ் இல்லாத மெஷின்ல இந்த செட்டிங்க வச்சா மூணு தடவையும் எந்திரிச்சு மூணு தடவையும் பாதில செத்து ஹார்ட் டிஸ்க்குக்கு சங்கு ஊதிரும். கேமரா ஓடுற மெஷினுக்கு வைப்பேன், கணக்கு மெஷினுக்கு யுபிஎஸ் வாங்காம வைக்க மாட்டேன், எவ்ளோ கேட்டாலும்.

குடுத்துட்டு வர்றதுக்கு முன்னாடி நான் இப்ப மூணு விதமா சோதிக்கிறேன். ரீஸ்டார்ட் ஒரு தடவ, ஷட்டவுன் பண்ணி அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆன் பண்றது ஒரு தடவ, நெட் வயர புடுங்கிட்டு ஆன் பண்றது ஒரு தடவ. மூணுக்கும் லாக்ல வரி வந்துருக்கணும். கணக்குப்புள்ள அண்ணே பக்கத்துல நின்னு பாத்துட்டு, "பிளக்க புடுங்கிப் பாக்கலயா தம்பி?"ன்னாரு. அது ஏற்கனவே உங்க காலண்டர்ல இருக்கேண்ணேன்னேன்.